ஜூரி தீர்ப்பை மேல்முறையீட்டில் எப்போது கலைப்பார்கள்? ஆஸ்திரேலியச் சட்டம்: கேள்வி பதில்

கேள்வி: ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) குற்றவாளி என்று சொன்னபின் நீதிபதிகள் அதை மாற்றலாமா?

மாற்றலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1912 குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டம், 6(1) பிரிவு அதற்கு இடம் தருகிறது: தீர்ப்பு நியாயத்துக்கு ஒவ்வாவிட்டால், அல்லது சாட்சியம் அதைத் தாங்காவிட்டால் ரத்து. அளவுகோல் 1994இல் ‘எம்’ (குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் எழுத்து) வழக்கில் வந்தது. நீதிபதிகள் சாட்சியப் பதிவு முழுவதையும் தாங்களே எடைபோட வேண்டும். அவர்களுக்கு எழும் சந்தேகம் ஜூரிக்கும் எழுந்திருக்க வேண்டியதே. சாட்சியை நேரில் பார்த்ததால் ஜூரிக்கு அது தீர்ந்திருக்கலாம் என்றால் மட்டும் விலக்கு.

கேள்வி: சாட்சி பொய் சொன்னார். அது போதாதா?

போதாது. ‘நம்பியிருக்கக் கூடாது’ என்று மனு எழுதாதீர்கள். எந்தப் பக்கம், எந்த வரி, எந்தச் சாட்சியோடு முரண் என்று காட்டுங்கள்.

கேள்வி: கர்தினால் பெல் வழக்கில் புகார்தாரரை நம்பிவிட்டு விடுதலை செய்தது எப்படி?

பலர் தடுமாறும் இடம் இது. பெல் மெல்பர்ன் பேராயராக இருந்தபோது தேவாலயத்தில் சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்தார் என்பது வழக்கு; ஜூரி குற்றவாளி என்றது. பூசை முடிந்ததும் பேராயர் தேவாலய வாசற்படியில் நின்று மக்களை வாழ்த்துவார். பூசை உடையில் இருக்கும்போது உடன் ஒருவர் இருப்பார். உடைமாற்றும் அறையில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். இவை உண்மையானால் சொல்லப்பட்ட குற்றத்துக்கு வாய்ப்பே அரிது. மூன்றுக்கும் சாட்சிகள் இருந்தார்கள். அவர்களது நேர்மையை அரசுத் தரப்பு மறுக்கவில்லை. விக்டோரியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் இருவரும் புகாரை நம்பி, ‘அப்படியும் நடந்திருக்கச் சாத்தியமுண்டா’ என்று பார்த்தார்கள். நிரூபிக்கும் பாரம் அங்கேயே இடம் மாறிவிட்டது. நாட்டின் கடைசிப் படியான உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் 2020 ஏப்ரல் 7இல் ஒருமித்து விடுவித்தார்கள். புகார்தாரரைப் பொய்யர் என்று அவர்கள் சொல்லவில்லை.

கேள்வி: அந்த ஜூரியும் புகார்தாரரை வீடியோவில்தானே பார்த்தது? நீதிபதிகளும் அதைப் பார்த்தால் இருவரும் சமம் அல்லவா?

நல்ல வாதம், ஆனால் ஏற்க முடியாது. சாட்சி பேசிய விதத்தை வைத்து எடைபோடுவது ஜூரியின் வேலை. வீடியோ வந்ததால் அந்த எல்லை நகராது. எழுத்துப் பதிவில் அகப்படாத ஒன்றைக் காணத்தான் வீடியோ தேவை.

கேள்வி: எழுத்தில் குரல் நடுக்கம் வராதே?

வராது. அதனால்தான் அது ஜூரியின் பன்னிரண்டு பேருக்கு விடப்பட்டிருக்கிறது.

கேள்வி: புதிய சாட்சி கிடைத்திருக்கிறார்.

அது வேறு காரணம், வேறு மனு. இங்கே விசாரணையில் வந்த சாட்சியம் மட்டும்.

கேள்வி: சாட்சி பொய் சொல்லியிருந்தால்?

மேலே சொல்லியாயிற்று. பக்கம், வரி.

கேள்வி: இந்தியாவில்?

ஜூரி இப்போது இல்லை. 1959இல் கொலை வழக்கில் கடற்படை அதிகாரி நானாவதியை ஜூரி 8-1 என்று விடுவித்தபோது, உடன்படாத செஷன்ஸ் நீதிபதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவில் வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. ஆஸ்திரேலியாவில் 6(1) குற்றவாளித் தீர்ப்புக்கு மட்டுமே. விடுதலைத் தீர்ப்பை இந்த வழியில் தொட முடியாது.