மொட்டை மாடியில் ஒரு மெழுகுவத்தி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், இங்கிலாந்திலிருந்து கிளம்பிய விக்கா என்ற மதத்தைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பேர் போட வேண்டாம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள், பௌர்ணமிக்கு வீட்டுக்கு வந்தால் ராத்திரி மொட்டை மாடியில் மெழுகுவத்தி, உப்பு, தண்ணீர் எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கழுத்தில் வட்டத்துக்குள் நட்சத்திரம். கேட்டால் விக்கா என்கிறாள். பில்லி சூனியமா இது? மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொல்கிறார் நாத்தனார்.
– ஒரு அம்மா, பென்னாகரம்

நாத்தனாருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுங்கள் அம்மா, மந்திரிப்பு எதுவும் வேண்டாம். உங்கள் மகள் வைத்திருப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. வடக்கே இருக்கும் உப்புக் கிண்ணம் மண்ணுக்கு, கிழக்கே ஊதுவத்தி காற்றுக்கு, தெற்கே மெழுகுவத்தி நெருப்புக்கு, மேற்கே டம்ளர் தண்ணீர் தண்ணீருக்கே. நட்சத்திரத்தின் ஐந்து முனையில் நாலு இந்த நாலு பூதம், ஐந்தாவது ஆவி, அதாவது உயிர். சாத்தானுக்கு இதில் இடமே கிடையாது, அவர் வேறு மதத்துக் கதையில் வருகிறவர். மந்திரம் போடுகிற வழக்கம் உண்டா என்றால் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'யாருக்கும் கேடு வராதவரை உன் விருப்பப்படி செய்' என்பதுதான் அவர்களில் பெரும்பாலோர் பிடித்துக்கொள்ளும் விதி. செய்த கெடுதல் மூன்று மடங்காகத் திரும்பும் என்று நம்புகிறவர்களும் நிறைய.

நீங்கள் அவளிடம் கேட்க வேண்டியது 'இது என்ன' என்பதை அல்ல, 'உனக்கு ஏன் இது' என்பதை. ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வாரக் கட்டில் இதைக் கடைப்பிடிக்கிறவர்களே எழுதிய கடிதங்களும் இருந்தன, ஒவ்வொருவர் காரணமும் ஒரு தினுசு. காரிமங்கலத்துப் பெண் ஒருவர், வீட்டுக்குத் தூரமான நாளில் பூஜை அறைப் பக்கம் போகக் கூடாது என்று பத்து வயசிலிருந்து கேட்டு அலுத்துப்போய், அந்த நாளிலும் விளக்கேற்றத் தடை சொல்லாத இடத்தைத் தேடிப் போயிருக்கிறார். பாட்டி செத்தபோது பரீட்சை என்று வரவிடாமல் ஹாஸ்டலிலேயே இருந்துவிட்ட ராயக்கோட்டைப் பையனுக்கு, செத்தவர்களை நினைக்க அக்டோபர் 31இல் ஒரு ராத்திரி இருக்கிறது என்று படித்தது போதுமானதாக இருந்திருக்கிறது. தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர் காட்டைத் தவிர வேறு கோயில் எனக்கு ஒத்துவரவில்லை என்கிறார், அவ்வளவுதான் கடிதம். இவர்கள் யாருக்கும் யார் மேலும் ஏவல் வைக்கும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் மகளுக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும், பக்கத்தில் போய் உட்கார்ந்தால் சொல்லுவாள்.

நானும் தோழியும் சேர்ந்து சடங்கு செய்கிறோம். பிரிஜித் தெய்வம் நிஜமாகவே வந்து நிற்கிறாள் என்கிறாள் அவள். எனக்கு அது மனசுக்குள் இருக்கிற ஒரு உருவம். யார் சொல்வது சரி? சேர்ந்து செய்யலாமா?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

தாராளமாகச் செய்யலாம். உங்கள் சண்டை விக்காவுக்குள் ரொம்ப நாளாக நடக்கிற சண்டைதான்.

விக்காவை இங்கிலாந்தில் வெளியே கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர் வழி வந்த பழைய குழுக்களில் தெய்வம் இரண்டு: கொம்புள்ள ஆண் தெய்வம், நிலாப் பெண் தெய்வம். அவர்களுடைய பெயரைத் தீட்சை வாங்கியவர்களுக்கு மட்டுமே சொல்வார்கள். பெண் தெய்வத்தைக் கன்னி, தாய், கிழவி என்று மூன்று பருவமாக, நிலா வளர்ந்து தேய்வதோடு சேர்த்துப் பார்ப்பது பரவலான வழக்கம். எல்லாப் பெண் தெய்வமும் ஒரே பெண் தெய்வம்தான் என்று ஆங்கில எழுத்தாளர் டயான் ஃபார்ச்சூன் எழுதியதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம். இல்லவே இல்லை, பிரிஜித் வேறு, ஹெக்கட்டி வேறு, ரெண்டு பேரும் தனித்தனி ஆட்கள் என்று அடித்துச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். 1971இல் லாஸ் ஏஞ்சலஸில் சூசன்னா புடாபெஸ்ட் தொடங்கிய டயானிக் குழுவில் பெண் தெய்வம் மட்டும்தான், ஆண் தெய்வத்துக்கு வேலையில்லை. ஸ்டார்ஹாக் என்ற அமெரிக்கப் பெண் 1979இல் எழுதிய புத்தகத்தில் தெய்வம் உலகத்தை வெளியே இருந்து ஆளவில்லை, இந்த உலகமே அவள்தான். உங்கள் கட்சிக்கு யுங் என்ற உளவியல்காரர் துணை இருக்கிறார். தெய்வமே இல்லை, ஆனாலும் சடங்கு எனக்கு நல்லது செய்கிறது என்கிற நாத்திகர்களும் உண்டு.

இத்தனை பேரும் ஒரே பெயரில் எப்படி இருக்கிறார்கள் என்றால், நம்பிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்ல அங்கே தலைமை பீடம் எதுவும் கிடையாது. சேர்ந்து செய்வது சடங்கு, என்ன நம்புகிறோம் என்பது அவரவர் பாடு. எனக்கென்னவோ, எல்லாம் ஒன்றுதான் என்பதில் கொஞ்சம் சோம்பேறித்தனம் தெரிகிறது. அயர்லாந்தில் கவிதைக்கும் கொல்லுப்பட்டறைக்கும் உரியவளான பிரிஜித்தையும், கிரேக்கத்து முச்சந்தியில் நிற்கிற ஹெக்கட்டியையும் ஒரே பேரில் அடக்கிவிட்டால் ரெண்டு பேர் கதையையும் படிக்க வேண்டாம் அல்லவா! ஆண், பெண் ஜோடி இல்லாமல் முடியாது என்பதையும் தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் கேள்வி கேட்டு, பல குழுக்கள் அதைத் தளர்த்தியிருக்கின்றன. ஒன்று மட்டும் செய்யுங்கள், சடங்குக்கு வட்டம் போடுவதற்கு முன்னால் யாரை, எந்தப் பேரில் கூப்பிடப் போகிறோம் என்று ரெண்டு பேரும் பேசிவிடுங்கள். நடுவில் நின்று வாதாடினால் மெழுகுவத்திதான் வீண்.

விக்கா ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழைய மதம் என்கிறார்களே, உண்மையா?
– ஆசிரியர் (ஓய்வு), அரூர்

இல்லை சார். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களுக்குப் பக்கத்தில் வைத்தால் விக்கா கைக்குழந்தை. இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாகவும் வேலை பார்த்த கார்ட்னர் (1884–1964), ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியபின் 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய குழு தனக்குத் தீட்சை தந்ததாகச் சொன்னார். 1735ஆம் வருஷத்து சூனியச் சட்டத்தை பிரிட்டன் 1951இல் நீக்கியது, அதன்பிறகு 1954இல் கார்ட்னரின் புத்தகம் வந்தது. சடங்குப் பாட்டுகளில் நல்லதெல்லாம் அவர் குழுவிலிருந்த டோரீன் வேலியன்டே திருத்தி எழுதியவை. கிறிஸ்தவத்துக்கு முந்தைய சூனியக்காரர் மதம் ஒன்று ஒளிந்து பிழைத்து வந்தது என்று மார்கரெட் மர்ரி 1921இல் எழுதியதை வரலாற்றுக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். புதுசு என்பதால் பொய் ஆகிவிடாது, ஆனால் இல்லாத வயசைச் சொல்லிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

அங்காளம்மன் இருக்கும் ஊரில் எதற்கு வெளிநாட்டுச் சாமி?
– வியாபாரி, காவேரிப்பட்டணம்

கோபம் புரிகிறது அண்ணா. மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கோபக்காரப் பெண் தெய்வம் ஒன்றும் புதுசு இல்லை. ஆனால் அம்மன் ஊருக்குச் சொந்தம். காப்புக் கட்டணும், பூசாரி வேணும், கிடா வெட்டு உண்டு, யார் முன்னால் நிற்பது என்ற தகராறும் உண்டு. விக்காவில் ஒரே ஆள் தனியாக, ரத்தம் சிந்தாமல் செய்துவிடலாம், அந்தத் தனிமைக்காகத்தான் பலர் போகிறார்கள். அதே சமயம் அங்காளம்மனையும் காளியையும் 'பெரிய தேவியின் ஒரு அம்சம்' என்று பட்டியலில் சேர்த்துக்கொள்வதை நானும் ஏற்கமாட்டேன். அவள் யாருடைய அம்சமும் இல்லை என்று பூசாரி சொன்னால் நான் பூசாரி பக்கம்.

அவர்களுடைய எட்டுப் பண்டிகையும் பனிக்காலக் கணக்கில் இருக்கின்றனவே, நம்ம ஊர் வெயிலுக்கு எப்படி?
– மாந்தோப்பு வைத்திருப்பவர், பர்கூர்

உள்ளூர்க்காரர்கள் மாற்றிக்கொள்கிறார்கள். பிப்ரவரி தொடக்கத்து இம்போல்க்கில் அங்கே குளிர் விட ஆரம்பிக்கும், உங்கள் தோப்பில் பூ நிற்கும். ஜூன் 21க்கு பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாகக் கூழ் ஃபேக்டரிக்குப் போகும். ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக்கு முழுகி எழுவதை விட்டுவிட்டு யாரோ நாட்டுக் கோதுமை அறுவடையைக் கொண்டாடுவானேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தார், எனக்கும் அது சரி என்றே படுகிறது.

டெலிகிராமில் ஒருவர் தீட்சை கொடுக்க பதினைந்தாயிரம் கேட்கிறார். கட்டலாமா?
– பெயர் வேண்டாம், தருமபுரி

கட்டாதீர்கள். கார்ட்னர் வழியில் தீட்சைக்குக் காசு வாங்குவது வழக்கமே இல்லை, ஒரு வருஷமும் ஒரு நாளும் படித்துப் பார்த்த பிறகுதான் தீட்சைப் பேச்சே எடுப்பார்கள். தனியாகச் செய்ய யார் அனுமதியும் தேவையில்லை, ஸ்காட் கன்னிங்ஹாம் 1988லேயே அதற்கென்று புத்தகம் எழுதிவிட்டார். அந்த ஆள் போட்டோ கேட்டாலோ, வீட்டில் சொல்லாதே என்றாலோ உடனே பிளாக் செய்யுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் போடுங்கள்.