ஆரஞ்சுச் சாற்றில் ஆல்ஜினேட் கட்டி தட்டினால்

சோடியம் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும், கால்சியம் பட்டால் இறுகும் பொடி) கலந்த ஆரஞ்சுச் சாற்றைக் கால்சியம் குளோரைடு கரைத்த நீரில் சொட்டவிட்டு, மெல்லிய தோலுக்குள் சாறு நிற்கும் முத்துக்கள் செய்யப் பார்த்தீர்கள். கால்சியம் குளோரைடைக் கூட்டியும் முத்து வரவில்லை, சாறும் கட்டி தட்டுகிறது என்கிறீர்கள். கோளாறு சாற்றின் புளிப்பில். பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்குக் கீழே இறங்கினால் சோடியம் ஆல்ஜினேட் சரியாகக் கரையாது, ஆல்ஜினிக் அமிலமாகத் திரளும்.

1 கிராம் ஆல்ஜினேட்டை 100 மி.லி. வாலைவடிநீரில் பிளெண்டரால் அடித்துக் கரையுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியமே அதை இறுக்கிவிடும். வடிகட்டிய சாறு 100 மி.லி.யில் புளிப்பைத் தணிக்கும் சோடியம் சிட்ரேட் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, பிஎச் தாளில் 4.5 காட்டியதும் நிறுத்துங்கள். மிஞ்சினால் உப்புக் கரிக்கும். அதன்பிறகே இரண்டையும் கலக்கவும்.

நுரை அடங்க இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள் (இதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள், காற்றுக்குமிழி இருந்தால் முத்து மிதக்கும்). கலவையைச் சொட்டவிடும் குளியலுக்கு 500 மி.லி. தண்ணீரில் 3 கிராம் கால்சியம் குளோரைடே போதும். சொட்டிய முத்துக்களை ஒரு நிமிடத்தில் எடுத்து அலசி உடனே பரிமாறுங்கள், தாமதித்தால் உள்ளேயும் இறுகிவிடும்.