பிரசவத்தில் இறந்த தாயின் மருத்துவக் கோப்பை ஏன் மறுபடி புரட்டுகிறார்கள்? யாரையாவது தண்டிக்கவா?

இல்லை. டர்பனில் நம் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் 1997 முதல் கர்ப்பத்திலோ, அது முடிந்து 42 நாளுக்குள்ளோ நேரும் தாய் மரணத்தை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அப்புறம் மாகாண அளவில் மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் கோப்பைப் படிக்கிறார்கள், பெயர் எதுவும் வெளியே போகாது, ஏனென்றால் வேலை போய்விடுமோ என்று பயந்தால் எந்த நர்ஸும் நடந்ததை நடந்தபடி சொல்ல மாட்டார். அவர்கள் தேடுவது இதைத்தான்: அவள் ஏன் தாமதமாக வந்தாள், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, ஏற்றுவதற்கு ரத்தம் இருந்ததா, ரத்த அழுத்தம் ஏறியதை யாராவது கவனித்தார்களா.

தேசியக் குழு இதையெல்லாம் சேர்த்து மூன்றாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது. எச்ஐவி, காசநோய் போன்ற தொற்றுகள், ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம் ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப முன்னால் நிற்கின்றன, பாதிக்கும் மேற்பட்ட மரணங்கள் தடுத்திருக்கக்கூடியவை என்பது படிக்கும்போதே நெஞ்சை அடைக்கிறது. சிசேரியனில் ரத்தப்போக்கால் இறப்பவர்கள் அதிகம் என்று தெரிந்ததும் இந்தக் கோப்புகளால்தான், அதன்பின் அவசரப் பிரசவப் பயிற்சியை மாவட்ட மருத்துவமனைகள் வரை கொண்டுபோனார்கள்.

தாய் மரணத்தின் சராசரி எண் மட்டும் இருந்தால் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும். தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெண்ணுக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் மலைக்கிராமத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் ஆபத்து ஒன்றல்ல, எந்தக் கட்டத்தில் யார் கைவிடப்பட்டார் என்பதைக் கோப்புதான் காட்டுகிறது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு இழப்பு நேர்ந்திருந்தால், மருத்துவமனையில் போய் விளக்கம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.