தலை முக்கோணமாக இருந்தால் விஷப் பாம்பா?

கேள்வி: கோவையிலிருந்து வந்து கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறேன். பாதி தேயிலை, பாதி கேரட், உருளை. மண் கொத்தும்போது அடிக்கடி பாம்பு வருகிறது. ஆட்கள் பார்த்ததுமே அடித்துவிடுகிறார்கள். ‘முக்கோணத் தலையும் பூனை மாதிரிக் கீற்றுக் கண்மணியும் இருந்தால் விஷம்’ என்று யூடியூபில் பார்த்தேன். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அந்த விதி அமெரிக்காவில் ஓரளவு செல்லும். அங்கே விஷப் பாம்புகளில் பெரும்பாலானவை குழிவிரியன்கள், அதாவது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழி உள்ள விரியன்கள். அவற்றுக்கு முக்கோணத் தலையும் கீற்றுக் கண்மணியும் உண்டு. நம் நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை நீள்வட்டம், கண்மணி உருண்டை. யூடியூப் கணக்குப்படி இரண்டும் சாது! பூனைப் பாம்புக்கு அந்த இரண்டு அடையாளமும் உண்டு. ஆனால் அதனால் மனிதருக்கு ஆபத்தில்லை. மிரண்டால் தண்ணீர்ப் பாம்புகூடத் தலையைத் தட்டையாக்கி விரியன் வேஷம் போடும்.

எல்லாப் பாம்புக்கும் பொருந்துகிற ஒரே அடையாளம் கிடையாது. உங்கள் உயரத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் வழி. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் பெரும்பாலும் சமவெளி, அடிவாரக்காரர்கள். அறவே வராது என்றில்லை. ஆனால் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் பக்கம் இறங்க இறங்கத்தான் அந்தக் கவலை கூடும்.

சரி, உங்கள் பாத்தியில் வருவது எது? விரல் தடிமன், ஒரு முழத்துக்குள் நீளம், பழுப்பு நிறம், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, கடுகளவு கண், கூர்மையாகத் தொடங்கி மொண்ணையாக முடியும் உடம்பு. இப்படி இருந்தால் பெரும்பாலும் அது கேடயவால் பாம்பு. எது தலை, எது வால் என்று முதல் பார்வையில் குழம்பிப்போவீர்கள். தின்பது மண்புழு. முட்டையிடாமல் குட்டி போடும். இந்தக் குடும்பம் தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. நீலகிரியிலோ அது கேரட் தோட்டத்தில் மண்வெட்டிக்குப் பலியாகிறது. பிடித்தால் கடிக்காது, வால் நுனியை விரலில் அழுத்தும். கொடுக்கு என்று பதறுவார்கள். வெறும் செதில்தான்.

அதற்காகக் கையில் எடுக்கச் சொல்லிவிடாதீர்கள். இதே மண்ணில், கல்லடியில், அபூர்வமாகப் பவளப் பாம்பும் இருக்கும். மெலிந்த நீள உடம்பு, முதுகில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள், சிவந்த அடிவயிறு. அது நல்ல பாம்பின் குடும்பம், விஷமுள்ளது. சேறு அப்பிய நிலையில் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கே ஒரு நிமிடம் ஆகும்.

உங்கள் உயரத்தில் நீங்கள் நிஜமாகக் கவனிக்க வேண்டியது லாட விரியன். புல் திட்டிலும் கல்லடுக்கிலும் அசையாமல் கிடக்கும் குட்டையான, தடித்த, பழுப்புக் குழிவிரியன். பிடரியில் குதிரை லாடம் போல வெளிறிய வளைவு தெரியும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே குழி இருக்கும். அதைத் தேடிக் குனியாதீர்கள், தூரத்தில் நின்று செல்போனில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இது கடித்தால் வலியும் வீக்கமும் பலமாக இருக்கும்.

தேயிலைச் செடியில் பென்சில் பருமனில், கூர்மூக்கோடு பச்சையாகத் தொங்குவது பச்சைப் பாம்பு. கண்ணைக் கொத்தும் என்பது கதை.

கடிபட்டால் என்ன பாம்பு என்று ஆராய்ந்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கை காலை ஆட்டாமல் 108-ஐ அழையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. இங்கே ஒரு சிக்கல். நம் விஷமுறிவு மருந்து முன்னே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாராவது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் பெரும்பங்கு, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துடையது. மலைக் குழிவிரியன்களின் விஷத்துக்கு அந்த மருந்தில் இடமில்லை. உங்களுக்குக் கீழே, மலைச் சரிவின் காபித் தோட்டச் சருகுகளில் மூக்கு நுனி தூக்கிய ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. அது கடித்தால் சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கும். ஊசி உதவாது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கண்காணிப்பு, சிகிச்சை எல்லாம் அங்கேதான்.

ஆட்களுக்குக் கெட்டியான பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். கல்வரப்பு இடுக்கில் வெறுங்கை விட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அடுத்த முறை பாத்தியில் மொண்ணை வால் தென்பட்டால், மண்ணோடு சேர்த்து மண்வெட்டியில் அள்ளி ஓரமாகப் போடச் சொல்லுங்கள். மண் பொலபொலப்பாக இருந்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் அது உள்ளே போயிருக்கும்.