கறிவேப்பிலைத் தொட்டிக்கு வெள்ளை நுரைக்கல்லா, சிவப்பு லாவா கல்லா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு தொட்டிகளில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். மழை மாதங்களில் சாரல் பட்டு மண் காயாமலே இருக்கிறது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. செடிக்கடையில் வெள்ளை ‘பியூமிஸ்’, சிவப்பு ‘லாவா கல்’ இரண்டையும் காட்டினார்கள். இரண்டும் எரிமலைக் கற்கள்தாமே, எதை வாங்கினாலும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. உங்கள் செடிக்கு ஏற்றது வெள்ளைக் கல்தான்.

பியூமிஸ் எனப்படும் நுரைக்கல், சிலிக்கா மிகுந்த, கெட்டியான பாறைக்குழம்பிலிருந்து பிறக்கிறது. அத்தகைய குழம்பில் கரைந்துள்ள நீராவி எளிதில் வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறி, எரிமலை வெடிக்கும்போது குழம்பு முழுவதும் நுரைத்து, அந்த நுரை அடங்குமுன்பே கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. அதன் பருமனில் பெரும்பகுதி நுண்துளைகளே என்பதால் அது நீரில் மிதக்கும். 1883ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது சிதறிய நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலில் திட்டுத்திட்டாக மிதந்து சென்றன. லொம்போக் தீவில், 1257ஆம் ஆண்டு சமலாஸ் எரிமலை கொட்டிய நுரைக்கல் படிவுகள் தடிமனாகக் கிடக்கின்றன.

லாவா கல்லின் முறையான பெயர் ஸ்கோரியா. சிலிக்கா குறைந்து, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த, இளகி ஓடும் பசால்ட் வகைக் குழம்பே பெரும்பாலும் இதன் மூலம். வாயு எளிதாக வெளியேறிவிடுவதால் குமிழ்கள் பெரியவையாகவும் குறைவாகவும், சுவர்கள் தடித்தும் அமைகின்றன. ஆகையால் கல் நீரில் மூழ்கும். சூட்டோடு காற்றுப் பட்டு இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைவதே அதன் செந்நிறத்துக்குக் காரணம். 1943இல் மெக்சிகோவில் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் முளைத்து, ஒன்பது ஆண்டுகளில் 400 மீட்டருக்கு மேல் உயர்ந்த பரிக்குட்டின் என்ற எரிமலைக் கூம்பு, இவ்வகைக் கற்கள் குவிந்து உருவானதுதான். (நம் புக்கிட் தீமா கருங்கல்லும் குழம்பிலிருந்து வந்ததே, ஆனால் நிலத்தடியில் மெதுவாக ஆறியதால் அதில் துளையே இல்லை, அந்தச் சல்லி இதற்கு ஈடாகாது.)

நுரைக்கல்லின் நுண்துளைகள் சிறிதளவு ஈரத்தைப் பிடித்துக்கொள்ள, கற்களுக்கு இடையிலுள்ள வெளி வேருக்குக் காற்றைத் தருகிறது. தொட்டியின் எடையும் கூடுவதில்லை. சிவப்புக் கல் நீரைக் குறைவாகவே பிடிக்கும், கனமானது. ஆர்க்கிட் தொட்டிக்கும், காற்றில் சாயும் உயரமான தொட்டிக்கும் அது பொருந்தும். அதிலுள்ள இரும்பு இலை மஞ்சளைப் போக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்; அந்த இரும்பு செடிக்குப் பயன்படும் அளவுக்குக் கரைய மிக நெடுங்காலம் ஆகும். தவிர, இரும்புக் குறை இளந்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரியும். நீங்கள் சொல்லும் அடி இலை மஞ்சளுக்கு, மண்ணும் காயாத நிலையில், வேர் மூச்சுத் திணறுவதே முதல் சந்தேகம்.

3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள நுரைக்கல்லைத் தூசு போக அலசி, இரவு முழுவதும் ஊறவைத்து, இரண்டு பங்கு மண் கலவைக்கு ஒரு பங்கு வீதம் சீராகக் கலந்து செடியை மாற்றி நடுங்கள். கறுத்து அழுகிய வேர்களை வெட்டிவிடுங்கள். தொட்டியின் அடியில் கல்லைத் தனி அடுக்காகப் பரப்பாதீர்கள்: மேலிருக்கும் நுண்மண் முழுதாக நனைந்து நிரம்பும் வரை நீர் அந்தப் பெருங்கற்களுக்குள் இறங்காது, எனவே தேங்கும் ஈரம் வேருக்கு இன்னும் அருகில்தான் வரும். அடித்தட்டில் நிற்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள்; அது வேருக்கும் கேடு, ஏடிஸ் கொசுவுக்கும் இடம். புதுத் தளிர் வரும் வரை உரம் இட வேண்டாம்.