சாம்பல் கல்லால் கட்டினால் குளிர் குறையுமா?

கடலோர நுரைச்சோலை எங்கே, மலைநாட்டு நுவரெலியா எங்கே! ஆனாலும் இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, நுரைச்சோலையின் 900 மெகாவாட் மின்நிலையம் கக்கும் நிலக்கரிச் சாம்பலைப் பற்றியவை.

ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டுகிறோம். சாம்பலில் செய்த இலேசான கல்லை வைத்தால் இராக் குளிர் குறையுமா? (வாசகி, கொட்டகலை)

குறையும் அம்மா, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. அந்தக் கல்லில் சாம்பலோடு சுண்ணாம்பும் சீமெந்தும் சிட்டிகை அலுமினியத் தூளும் சேர்கின்றன. அலுமினியம் சுண்ணாம்போடு சேர்ந்து ஐதரசன் வாயுவை வெளிவிடுவதால் கலவை ஆப்ப மாவு போலப் பொங்குகிறது. பிறகு 180 பாகை அளவில் அழுத்த நீராவியில் அவிக்கிறார்கள். கொங்கிரீட் ஒரு கனமீற்றர் 2,400 கிலோ என்றால் இது ஏறக்குறைய 600 கிலோதான். வெப்பத்தைக் கடத்துவதும் சுமார் ஏழில் ஒரு பங்கு. உள்ளே அடைபட்ட காற்றுதான் காரணம். சாம்பலுக்கு மந்திரம் எதுவும் இல்லை. சாம்பலுக்குப் பதில் மணலை அரைத்துப் போட்டும் இதே கல்லைச் செய்கிறார்கள்.

சுவருக்குச் செலவழித்துவிட்டு மேலே வெறும் தகரத்தைப் போட்டால் என்ன பயன்? அடுப்புச் சூடும் மூச்சுச் சூடும் கூரை வழியாகத்தான் போகின்றன. விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டும் நீர் மழை ஒழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது வீட்டுக்குள் இருந்த ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு வியர்ப்பது. ஆகவே கையில் உள்ள பணத்தில் முதலில் சீலிங் அடியுங்கள். மிச்சம் இருந்தால் கல்லைப் பார்க்கலாம். அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் அத்திவாரத்துக்கு வேண்டாம். வெளிப்பூச்சையும் தள்ளிப்போடக் கூடாது. சுவாமிப் படம் மாட்டச் சாதாரண ஆணி அதில் நிற்காது, பிளக் வைத்துத்தான் திருக வேண்டும்.

சாம்பல் கலந்த சீமெந்தைக் கடையில் தந்தார்கள். மேசன் பாஸ் அதைக் ‘கலப்படம்’ என்கிறார். (பண்டாரவளை)

பாஸ் கோபிக்கக் கூடாது, அது கலப்படம் இல்லை. பையைத் திருப்பி இலங்கைத் தர எண்ணைப் பாருங்கள்: எஸ்.எல்.எஸ். 107 என்றிருந்தால் சாதாரணச் சீமெந்து, 1247 என்றிருந்தால் கலப்புச் சீமெந்து. சீமெந்து தண்ணீரோடு சேரும்போது கொஞ்சம் சுண்ணாம்பு உதிரியாக மிஞ்சும். சுவரில் வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் அதுதான். சாம்பலில் உள்ள கண்ணாடித் தன்மையான சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து மேலும் பசையாக மாற்றிவிடுகிறது. அமெரிக்காவில் 1953இல் கட்டி முடித்த ஹங்கிரி ஹோர்ஸ் அணையிலேயே இந்தச் சாம்பலைப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் பாஸ் சந்தேகப்படுவதற்கும் காரணம் உண்டு. சாம்பல் மெதுவாகத்தான் வேலை செய்யும். குளிரில் இன்னும் மெதுவாக. கொழும்பில் சரியாக வரும் கணக்கு நம் மலையில் வராது. ஒரு தை மாதப் பனியில் வழக்கமான நாள் கணக்கில், கொங்கிரீட்டைத் தாங்கும் முட்டுகளைக் கழற்றச் சொன்னவன் நானேதான். வாசலுக்கு மேலே போட்ட லின்டல் நடுவில் தொய்ந்தது. திட்டு வாங்கியது மேசன். கலப்புச் சீமெந்து என்றால் முட்டுகளைக் கூடுதல் நாள் விடுங்கள். இரண்டு வாரமாவது சாக்குப் போட்டு நனைத்து வையுங்கள். 28 நாளில் பலம் பின்தங்கியது போல் தெரிந்தாலும் மூன்று மாதத்தில் எட்டிப் பிடித்துவிடும்.

தேயிலைத் தொழிற்சாலை அடுப்புச் சாம்பல் மலையாகக் குவிந்திருக்கிறது. அதில் கல் அறுக்கலாமா? (தலவாக்கலை)

வேண்டாம் தம்பி. அது விறகுச் சாம்பல். அதில் சுண்ணாம்பும் பொட்டாசியமும்தான் அதிகம். கல்லைப் பிணைக்கும் சிலிக்கா போதாது. மரக்கறிப் பாத்திக்குக் கொஞ்சம் தூவலாம். தேயிலைக்குப் போட்டுவிடாதீர்கள், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.

லொறியில் மூட்டைச் சாம்பல் மலிவாக வருகிறது. வாங்கிக் கலக்கலாமா? (மஸ்கெலியா)

நான் வாங்க மாட்டேன். புகைபோக்கிக்கு முன்னால் உலர்வாகப் பிடித்த நுண்சாம்பல் வேறு, அடியில் விழுந்த கரடு வேறு, குட்டையில் நனைந்து கிடந்தது வேறு. மூட்டைக்குள் எது என்று உங்களுக்குத் தெரியாது. கருகருவென்று இருந்தால் எரியாத கரி அதிகம், கல் பலம் பெறாது. தூசியில் சிலிக்காவும் சிறிதளவு ஆர்சனிக் போன்றவையும் உண்டு. கல்லாக இறுகிய பின் அவை பெரும்பாலும் உள்ளேயே கட்டுண்டு கிடக்கும். வாசலில் கொட்டிக் கிளறினால் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். தொழிற்சாலை கலந்து தந்த பையாகவோ கல்லாகவோ வாங்குவதே புத்தி.

நிலக்கரிச் சாம்பலில் தண்ணீரில் மிதக்கும் மணிகள் இருக்கின்றனவாமே? விஞ்ஞானக் கண்காட்சிக்கு வேண்டும். (பத்தாம் வகுப்பு மாணவி, பதுளை)

இருக்கின்றன மகளே. உருகிய சாம்பல் துளிக்குள் வாயு அகப்பட்டு உறைந்த வெற்றுக் கண்ணாடிக் குமிழ்கள் அவை. தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் பிரித்தெடுக்கிறார்கள். உள்ளே வாயு அடைபட்டு இருப்பதால் வெப்பம் தடுக்கும் பூச்சுகளில் சேர்க்கிறார்கள். பதுளையில் அதைத் தேடி அலையாதே. அடைபட்ட காற்று சூட்டைத் தடுப்பதை வேறு விதமாகக் காட்டலாம். ஒரே அளவு தகர டின் இரண்டு எடு. ஒன்றைப் பெரிய டின்னுக்குள் வைத்து இடைவெளியை மரத்தூளால் நிரப்பு. இரண்டிலும் சுடுநீர் ஊற்றி, மூடி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுது. நீர் ஊற்றும்போது மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.