மாடிக்கு மாடி வைஃபை: எதிர் வீட்டோடு இணைத்தால் குற்றமா?

கேள்வி: கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நண்பர் ஒருவர் வாடகைக்குக் குடியிருக்கிறார். இருவர் மொட்டைமாடியிலும் ஆளுக்கொரு சின்ன ஆன்டெனாவைப் பொருத்தி இரண்டு வீட்டு நெட்வொர்க்கையும் இணைத்துவிட்டோம். இடையில் 60 மீட்டர்தான் இருக்கும். நாங்கள் ஊருக்குப் போனால் அவர் எங்கள் வீட்டு கேமராவைப் பார்த்துக்கொள்வார். என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் படங்களையும் அவர் எடுத்துக்கொள்ளலாம். ஃபைபர் இணைப்பு என் பெயரில் இருக்கிறது. மாதம் 800 ரூபாய் கட்டணத்தில் அவர் 400 தருகிறார். இது தெரிந்த கேபிள்காரர், “இது திருட்டு, லைனை வெட்டிவிட்டு போலீசில் சொல்வேன்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, ஆன்டெனா வந்த நாளிலிருந்து தன் வைஃபை திணறுகிறது, எடுக்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்கிறார். நாங்கள் செய்தது குற்றமா?

பதில்: இருவருமே உங்கள் ஆன்டெனாவைக் காட்டித்தான் சண்டை பிடிக்கிறார்கள். சட்டப்படி ஆன்டெனாவில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அந்த 400 ரூபாயில் இருக்கிறது.

ஆன்டெனா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1933-ம் ஆண்டு இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டத்தின் 3-வது பிரிவு, உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருக்கவே கூடாது என்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் வைஃபை ரவுட்டர் உள்ள வீடெல்லாம் மாட்டும். அதனால் மத்திய அரசு சில அலைவரிசைகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005 ஜனவரியில் விதிகள் வந்தன. கருவியிலிருந்து வெளிவரும் சக்தி 1 வாட், ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட், ஆன்டெனா உயரம் கட்டடத்தின் மாடியிலிருந்து 5 மீட்டருக்குள் என்று அவை வரம்பு கட்டுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அப்போது வீட்டுக்குள் மட்டும்தான். 2018 அக்டோபரில் வந்த விதிகள்தான் அதன் பெரும்பகுதியை வெளியிலும் பயன்படுத்த வழிவிட்டன. அதற்கும் அலைவரிசையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி சக்தி வரம்பு உண்டு.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். ஆன்டெனாவின் செட்டிங்கைத் திறந்து, ‘நாடு’ என்ற இடத்தில் இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். சிக்னல் ஏறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே வேறு நாட்டை வைத்திருப்பவர்கள் ஏராளம். அப்படி மாற்றும்போது கருவி நம் ஊர் வரம்பைத் தாண்டிப் போகலாம். வரம்பைத் தாண்டினால் விலக்கும் போய்விடும். 1933-ம் ஆண்டு சட்டத்திடம் திரும்ப வந்து நிற்பீர்கள். 60 மீட்டருக்கு அவ்வளவு சக்தி எதற்கு? மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தரும் ஈ.டி.ஏ. ஒப்புதல் பெற்ற மாடலா என்பதையும் பார்த்து, பில்லை எடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டும் வழக்கு நிற்காது என்றே நினைக்கிறேன். இந்த விலக்கு விதிகளின்படி அலைவரிசை பொதுச்சொத்து மாதிரி. யாரும் தனி உரிமை கேட்க முடியாது, இடையூறு வந்தாலும் பாதுகாப்புக் கேட்க முடியாது. உங்களுக்கு இல்லாத பாதுகாப்பு அவருக்கும் இல்லை. உரிமம் பெற்று இயங்கும் ஒருவருக்கு உங்களால் இடையூறு வந்தால்தான் நீங்கள் நிறுத்தியாக வேண்டும். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சட்டம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். சேனலை மாற்றி, அகலத்தை 80-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, சக்தியையும் குறைத்துவிட்டு, “இப்போது எப்படி சார் இருக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பகை அதிலேயே தீரும்.

சரி, அந்த 400 ரூபாய். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நெட்வொர்க்கில் நுழைவதுதான் குற்றம். இங்கே அனுமதி கொடுத்தவரே நீங்கள். ஆகவே கேபிள்காரர் சொல்லும் ‘திருட்டு’ இதில் இல்லை. ஆனால் இணைப்பு வாங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துப் படியுங்கள். இந்த இணைப்பை வெளியாருக்குப் பகிரவோ விற்கவோ கூடாது என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அதை மீறினால் ஒப்பந்த மீறல். இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்கு அது போதும்.

அதைவிடக் கவலை தருவது காசு வாங்குவது. கட்டணம் வாங்கிக்கொண்டு இன்டர்நெட் சேவை தருபவருக்கு அரசின் அனுமதி வேண்டும். 1885-ம் ஆண்டு தந்திச் சட்டத்தின் இடத்துக்குப் பகுதி பகுதியாக அமலுக்கு வந்துகொண்டிருக்கும் 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு, அனுமதியில்லாமல் சேவை தந்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நண்பரிடம் பாதிக் காசு வாங்கியதற்காக உங்களை அந்தப் பிரிவில் நிறுத்துவார்கள் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் மாதாமாதம் ஜிபேயில் ‘நெட் பில்’ என்று எழுதி 400 ரூபாய் வந்துகொண்டிருந்தால், அது விலையா பகிர்வா என்று வாதாடும் நிலை உங்களுக்கு எதற்கு? இந்த மாதமே நிறுத்துங்கள். தெருவுக்கே விற்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முறையான வழி உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம்.-வாணி திட்டத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரர்கூடத் தனி உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம்.

காசு வாங்காவிட்டாலும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. நண்பர் வீட்டிலிருந்து யார் எதை அனுப்பினாலும் வெளியுலகுக்குத் தெரிவது, இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான உங்கள் ஐ.பி. முகவரிதான். 2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் போன மின்னஞ்சலின் தடத்தைப் பிடித்துப் போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் நின்றது. பூட்டில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். கடைசியில் குற்றவாளி அவரில்லை என்றாலும், விசாரணை முதலில் அவரைத்தான் பிடித்தது. உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் வீட்டுக்கு வரும் விருந்தாளியை உங்களுக்குத் தெரியுமா?

ஆகவே என் யோசனை: ஆன்டெனா இருக்கட்டும், நண்பர் தன் பெயரில் ஒரு சின்ன பிளான் போட்டுக்கொள்ளட்டும். கேமராவும் ஹார்ட் டிஸ்க்கும் மட்டும் ஆன்டெனா வழியாகப் போகட்டும்.

அதைச் செய்யும்போது பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. இரண்டு வீட்டு ரவுட்டரும் பல நேரம் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருக்கும். அப்படியே இணைத்தால், அவர் வீட்டு செல்போனுக்கு எந்த ரவுட்டர் முந்திக்கொண்டு முகவரி கொடுக்கிறதோ அதன் வழியாகத்தான் இன்டர்நெட் போகும். அவர் தனி இணைப்புக்குக் காசு கட்டிக்கொண்டிருப்பார். அவர் பையனின் போன் உங்கள் ஐ.பி.யில் உலாவிக்கொண்டிருக்கும். இருவருக்கும் தெரியாது. ஒரு பக்கத்தை 192.168.2-க்கு மாற்றி, முகவரி கொடுக்கும் டி.ஹெச்.சி.பி. ஆன்டெனாவைத் தாண்டாமல் அடைத்து, எந்தெந்தக் கருவி எதைத் தொடலாம் என்று ரவுட்டரில் குறித்துவிடச் சொல்லுங்கள். நாளை போலீசிடமிருந்து நோட்டீஸ் வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது இந்த செட்டிங்தான்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. நண்பர் வாடகைக்கு இருப்பதால் மாடியில் கம்பம் நட வீட்டு உரிமையாளரிடம் ஒரு வரி எழுதி வாங்கட்டும். அது 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் சொல்லும் வெறும் அனுமதிதான், பொதுவாக உரிமையாளர் திரும்பப் பெறலாம். அப்புறம், நண்பர் பார்க்கும் கேமராவில் பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறம் தெரியாமல் திருப்பி வையுங்கள். தெரிந்தால் அந்த மனிதருக்கு உண்மையிலேயே ஒரு வழக்குக் கிடைத்துவிடும்.

கேபிள்காரரிடம் கோபப்பட வேண்டாம். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி நிறுவனம் அனுப்பிய நோட்டீஸ் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். நோட்டீஸ் இல்லாமல் அவராக வெட்டினால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் எண் வாங்குங்கள், அப்புறம் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான புகாரை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே போகுமுன் அந்த 400 ரூபாய் கணக்கை முடித்துவிட்டுப் போங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.